உவகையும் உன்மத்தமும்

மெய்ப்பாடு எட்டென வகுத்த தொல்காப்பியர், உவகையை அவற்றுள் இறுதியாக வைத்தார். அழுகையைக் கண்டு வைத்தியரை நாடும் நாம், உவகையைக் கண்டு நாடுவதுண்டோ? நாடவேண்டிய நிலையும் ஒன்று உண்டு.

கிண்ணியாவின் கடலோரத்து வீடொன்றை எண்ணிப் பார்ப்போம். வலைத்தொழில் செய்யும் தந்தை ஆறு திங்களாக வாய் திறவாது கிடக்கிறார். மருந்துகள் பயன்தரவில்லை. உற்றார் அவரைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்று காந்தச் சிகிச்சை செய்விக்கின்றனர். இரண்டாம் வாரத்தில் பேசுகிறார். உம்மாவின் முகம் மலர்கிறது. மூன்றாம் வாரத்தில் இரவு இரண்டு மணிக்கே எழுந்து, ஊரிலுள்ளோரைத் தொலைபேசியில் அழைத்து, மூன்று தோணிகளுக்கு விலை பேசுகிறார். தடுத்தாற் சீறுகிறார். “வாப்பாவுக்குச் சுகமாகிவிட்டது” என்கின்றனர் பிள்ளைகள். சுகமன்று அது. வைத்தியர் ‘மேனியா’ என வழங்கும் களிவெறி அது.

இச்சிகிச்சையின் வரலாறு நெடியதன்று. 1985 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் அந்தனி பார்க்கர் என்பாரும் அவர்தம் துணைவரும், தலைமேல் வைத்த கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைக் கணப்பொழுது பாய்ச்சி, அதனால் எழுந்த காந்தப்புலத்தைக் கொண்டு மூளையைத் தூண்டிக் காட்டினர். 1831 இல் மைக்கல் பரடே கண்ட மின்தூண்டலே இதற்கு அடிப்படை. மண்டையோட்டைத் திறப்பதில்லை, மயக்கமருந்தும் வேண்டுவதில்லை. மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் இடப்புற முன்மூளையைத் தூண்டுவர். வாரத்தில் ஐந்து நாளாக நான்கு முதல் ஆறு வாரம் வரை இது நடைபெறும். தலைவலி சிலருக்கு வரும். வலிப்பு மிக அரிது. 2008 இல் ஐக்கிய அமெரிக்க அரசு இதற்கு இசைவளித்தது. பெங்களூர் நிமான்ஸ் நிலையத்திலும் இது நடைபெறுகிறது.

களிவெறி எத்துணைப் பேருக்கு வரும்? 2008 இல் வெளிவந்த ஆய்வொன்று 53 சோதனைகளைத் தொகுத்து நோக்கியது. தூண்டல் பெற்றோருள் நூற்றுக்கு 0.84 பேரிடமும், பெறுவதாக நம்பவைக்கப்பட்ட போலிச் சிகிச்சையினருள் 0.73 பேரிடமும் அது தோன்றியது. இரண்டிற்கும் இடையே பெரு வேறுபாடில்லை. எனவே காந்தத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுதல் எளிதன்று. சோர்வினுள் மறைந்திருந்த இருமுனை நோய் தன் மறுமுகத்தைத் தானே காட்டியிருக்கவுங் கூடும். எனினும் முன்னரே இருமுனை நோயுடையாரிடத்து இடர் மிகுதி. சொல்லாராய்ச்சியில் விருப்புடையோர்க்கு ஒன்று: நம் ‘பித்து’ பித்தத்தோடு உறவுடைய சொல். கிரேக்கர் சோர்வுநோய்க்கு இட்ட ‘மெலன்கோலியா’ என்னும் பெயருக்கோ கரும்பித்தம் என்பது பொருள். வெறிக்கும் சோர்வுக்கும் இரு நாட்டாரும் பித்தத்தையே காரணங் கூறினர்!

வியப்பு இன்னுமுண்டு. வலப்புற முன்மூளையைத் தூண்டினால் களிவெறி தணிவதாக ராஞ்சி நகரின் மத்திய உளநோய் நிலையத்தார் 2009 இல் வெளியிட்டனர். ஆயினும் அதற்கு முன்னர், 2003 இல், இஸ்ரவேலில் ஆய்ந்த குழுவொன்றுக்கு அப்பயன் கிட்டவில்லை. ஆராய்ச்சி முடிந்த முடிபாகவில்லை.

வீட்டார் நோக்கவேண்டிய முதல் அடையாளம் உறக்கமே. மூன்று மணிநேரமே துயின்றும் களைப்பின்றி எழுவாராயின், பேச்சு ஓயாதாயின், பணம் நீராய் ஓடுமாயின், அடுத்த அமர்வுக்கு முன்னரே வைத்தியரிடம் உரைத்தல் வேண்டும். அவர் தூண்டலை நிறுத்துவார். வேண்டின் லித்தியம் போன்ற மருந்தளிப்பார். வெளிவந்த நோயாளர் வரலாறுகளிற் பல இவ்வாறே தணிந்தவை.

தொடங்குமுன் வைத்தியர் வினவும் வினா ஒன்றுண்டு: “முன்னொருகால் அளவிறந்த உற்சாகம் வந்ததுண்டா? குடும்பத்தில் எவருக்கேனும்?” இவ்விடத்திலேதான் நம்மவர் நா எழுவதில்லை. மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி வருகின்றனர். சாச்சா ஒருவர் இளமையிற் காணியை விற்று ஒரு திங்கள் ஊர்சுற்றித் திரிந்ததை யார் வாய்விட்டுச் சொல்வார்? “அப்படி ஒன்றுமில்லை, டொக்டர்” என்கின்றனர். வைத்தியர் அதனை அப்படியே குறித்துக்கொள்கிறார்.