சித்தன்னவாசலுக்கு அரை மணி நேரம் போதுமா?

புதுக்கோட்டைப் பக்கம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சித்தன்னவாசலைப் பார்க்கிற விதம் ஒன்று உண்டு. பந்திச் சாப்பாடு முடிந்ததும் வேனில் ஏறுவார்கள். 16 கிலோமீட்டர்தான். ஓவியம் இருக்கிற குகையில் ஐந்து நிமிடம் கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பார்கள். பூங்காவில் பிள்ளைகளை விளையாட விட்டு, படகுக் குளத்துக்கு முன்னால் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாயும் முன் திரும்பிவிடுவார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போய்வந்தேன். அந்தக் குன்றின் மேல் ஏறி நடக்க வழி இருப்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது.

பிறகு மார்கழியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை என்று போய்ப் பார்த்தபோதுதான், இது ஒரு நாள் தங்கி நடக்க வேண்டிய இடம் என்பது புரிந்தது.

நடப்பதற்கென்றே ஆட்கள் தேடிப் போகும் இடங்கள் வெளிநாட்டில் உண்டு. ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் கருங்காடு என்றொரு மலைநாடு இருக்கிறது. ஃபோர்ட்ஸ்ஹைம் ஊரில் தொடங்கி, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் வரை காட்டுக்குள்ளேயே சுமார் 285 கிலோமீட்டர் போகும் நடைபாதை ஒன்றை 1900-லேயே அங்கே வகுத்துவிட்டார்கள். வழியெல்லாம் சிவப்புச் சாய்சதுரக் குறி. குறியைப் பார்த்துக்கொண்டு நடந்தால் போதும், வழி தப்பாது. பனிக்காலத்தில் சறுக்குக் கட்டையோடு வருகிறார்கள், கோடையில் பை மாட்டிக்கொண்டு வருகிறார்கள், இலை உதிரும் காலத்தில் நிறம் பார்க்க வருகிறார்கள். வருஷம் முழுக்க ஆள் நடமாட்டம். நமக்கோ விடுமுறை என்றால் மே மாதம், மலை என்றால் ஊட்டி அல்லது கொடைக்கானல். சமவெளியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் ஒரு மொட்டைப் பாறைக்கு லீவு போட்டுவிட்டுப் போகலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பாறை என்னவோ மொட்டைதான். வடக்கு தெற்காகப் படுத்துக் கிடக்கிறது, உயரம் எழுபது மீட்டர் அளவில். பழனி ஏறுகிறவர்களுக்கு இது ஒரு ஏற்றமே இல்லை. ஆனால் மார்கழிக் காலையில் ஏறிப் பாருங்கள். கீழே வயல்களின் மேல் பனிமூட்டம், நடுநடுவே பனைமரத் தலைகள், மழைக்கு நிறைந்த கண்மாய்கள் தகடு தகடாக மின்னும். பாறை இடுக்குகளில் புல் இன்னும் பச்சையாக இருக்கும். உச்சியருகே பாறை விளிம்பை ஒட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜாக்கிரதையாகப் போனால் ஏழடிப்பட்டம் வரும். கால் வைத்து ஏறப் பாறையில் சதுரம் சதுரமாக வெட்டிய ஏழு குழிகள்தான் அந்தப் பெயருக்குக் காரணம் என்கிறார்கள்.

இயற்கையான குகை. உள்ளே 17 கற்படுக்கைகள். ஆள் நீளத்துக்கு இழைத்து, தலைமாட்டில் தலையணை அளவுக்கு மேடு விட்டிருக்கிறார்கள். அந்த மேட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் துறந்து வந்த சமண முனிவருக்கும் தலைக்கு உயரம் வேண்டியிருந்திருக்கிறது! இருப்பதிலேயே பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு. கிமு முதல் நூற்றாண்டை ஒட்டியது என்பார்கள். மற்றப் படுக்கைகளின் பக்கத்தில் பல நூற்றாண்டு கழித்துப் பொறித்த பெயர்கள் இருக்கின்றன. திருநீலன், திருப்பூரணன், திருச்சாத்தன். நம் காலத்துக் காதலர்களும் பாறையில் சாவியால் தங்கள் பங்குக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களை இங்கே போடுவதாக இல்லை.

மலையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “மேல வரைக்கும் வந்துட்டீக, சுனைய பாத்தீகளா தம்பி?” என்று கேட்டார். நவச்சுனை என்று பெயர். அந்தச் சுனைக்குள், தண்ணீருக்கு அடியில், பாறையைக் குடைந்த சிறிய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. தண்ணீரை இறைத்தால்தான் லிங்கம் தெரியும். நான் போனபோது சுனை நிறைந்து, பச்சையாக, அசையாமல் கிடந்தது. கோயிலைப் பார்க்க முடியவில்லை. பெரியவர் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. “சாமி தண்ணிக்குள்ள இருந்தாத்தான் ஊருக்கு நல்லது” என்றார்.

சித்திரை, வைகாசியில் இந்த மலையே வேறு. ஒன்பது மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிடும். பதினொரு மணிக்கு மேல் ஏற நினைப்பது முரட்டுத்தனம். காலையில் திறந்ததும் முதல் ஆளாக ஏறி இறங்கிவிட வேண்டும். மிச்ச வெயிலை நுங்கு, மோர், மரத்தடி என்று கழிக்கலாம். மேற்குச் சரிவில் இருக்கும் அறிவர் கோயிலை, அதாவது அந்த ஓவியக் குகையை, அந்த மாதங்களில் பிற்பகலுக்கு வைத்துக்கொள்வது நல்லது. மேற்குப் பார்த்த குடைவரை என்பதால் சாயங்கால வெளிச்சம் உள்ளே எட்டிப் பார்க்கும்.

‘தென்னாட்டு அஜந்தா’ என்ற பட்டத்தை யார் சூட்டினார்களோ, அவர்கள் சித்தன்னவாசலுக்கு நல்லது செய்யவில்லை. அஜந்தாவை மனதில் வைத்துக்கொண்டு நுழைகிறவர் இந்தச் சிறிய மண்டபத்தையும் உதிர்ந்துபோன விதானத்தையும் பார்த்து, “இவ்வளவுதானா?” என்று வெளியே வந்துவிடுகிறார். கண் பழகுகிற வரைக்கும் நிற்க வேண்டும். முதலில் பச்சைத் திட்டுகளாகத் தெரிவது மெல்ல மெல்லத் தாமரை இலையாகும். அப்புறம் மொட்டு, மலர், மீன், அன்னம், எருமை, யானை. கடைசியில், குளத்துக்குள் இறங்கித் தாமரை பறிக்கும் மூன்று பேர். தூண்களில் ஆடும் பெண்களின் இடுப்பு வளைவும் கை வீச்சும் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கோயில் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீவல்லப பாண்டியன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்த செய்தியைப் பாறையிலுள்ள கல்வெட்டு சொல்கிறது. வெளிப்பக்கம் இன்று நிற்கும் தூண்கள் அவன் வைத்தவை அல்ல. குடுமியான்மலையில் இடிந்து கிடந்த மண்டபத்திலிருந்து கடந்த நூற்றாண்டில் கொண்டுவந்து நிறுத்தியவை. கருவறை நடுவில் நின்று வாயை மூடி ஒரு ‘ம்’ போட்டுப் பாருங்கள். சுவரெல்லாம் திருப்பிச் சொல்லும்.

விதானத்துக் குளத்தை நன்றாகப் பார்க்க எது நல்ல மாதம் என்று என்னைக் கேட்டால் கார்த்திகை என்பேன். வெளியே ஊரணிகளில் நிஜத் தாமரையும் அல்லியும் பூத்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தால், அந்த ஓவியன் எந்த ஊர்க் குளக்கரையில் உட்கார்ந்து பார்த்திருப்பான் என்று தானாகவே யோசனை ஓடும். அதற்கு முந்திய ஐப்பசி மட்டும் கொஞ்சம் ஏமாற்றுக்கார மாதம். காலையில் வெயிலடிக்கும், மதியம் இடி இடிக்கும். நனைந்த பாறை எண்ணெய் தடவியது போல வழுக்கும். மொட்டைப் பாறையில் இடிக்கு ஒதுங்க இடமும் கிடையாது. மேகம் கறுத்தால் உடனே இறங்கிவிடுங்கள். ஆடியில் ஒரே காற்று; தொப்பி, துண்டு எதுவும் தலையில் நிற்காது.

நாளை நீட்ட விரும்புகிறவர்களுக்கு அடிவாரத்தைச் சுற்றிப் பெருங்கற்காலத்துக் கல்வட்டங்கள் உண்டு. அடுத்த நாளுக்கு நார்த்தாமலை, குடுமியான்மலை, மயில்களுக்குப் பேர்போன விராலிமலை எல்லாம் அக்கம்பக்கத்திலேயே இருக்கின்றன. ராத்திரி தங்கப் புதுக்கோட்டை. அங்கே முட்டை மாஸ் சாப்பிடாமல் வந்தவர்கள் என்னிடம் சித்தன்னவாசல் பற்றிப் பேச வேண்டாம்.

ஒரு குறை சொல்ல வேண்டும். ஓவியத்திலிருந்து படுக்கைக்கும், படுக்கையிலிருந்து சுனைக்கும், அங்கிருந்து கல்வட்டங்களுக்கும் ஒரு வெளியூர்க்காரர் கேட்காமல் நடந்து போகிற மாதிரி வழி காட்டும் குறிகள் வேண்டும். பாறையில் பெயின்ட் அடித்து அல்ல, வழியோரம் சிறிய குறிக்கற்களாக வைத்தால் போதும். பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை இது. மாவட்ட நிர்வாகமும் தொல்லியல் துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் ஒரு பருவத்துக்குள் முடித்துவிடலாம்.

அதுவரை, புதுக்கோட்டையில் அன்னவாசல் பஸ் ஏறி, சித்தன்னவாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். மலைமேல் கடை கிடையாது. தண்ணீரும் புளிச்சோறும் கையோடு இருக்கட்டும்.