மலையடிவாரத்திலிருந்து சேதுத் தீவுக்கு

ஒருபுறம் சவ்வாது மலை, மறுபுறம் ஏலகிரி. இவற்றின் நடுவே அமைந்த ஆலங்காயத்துப் பெரியவர்களுக்கு மலையும் அருவியும் புதியவை அல்ல. ஜலகாம்பாறை அருவியில் நீராடி முருகப்பெருமானை வணங்கி மாலைக்குள் வீடு திரும்பிப் பழகியவர்கள் அவர்கள். பலருக்குக் கிட்டாதது கடல் தரிசனம்தான். அதிலும் சேதுக்கடலில் நீராடி இராமநாதசுவாமியைத் தொழவேண்டும் என்ற ஆவல், வயது ஏற ஏற வலுப்பெறுகிறது. காலில் தெம்பு குறையும் காலமும் அதுவாகவே இருப்பதுதான் சங்கடம்.

பிள்ளைகளோ தீவு என்றதும் வியட்நாமின் பூக்குவோக்கை நினைக்கிறார்கள். விமானத்தில் போய் அத்தீவிலேயே இறங்கலாம். கடலின்மீது ஏறத்தாழ 8 கி.மீ. நீளத்துக்குக் கம்பிவட ஊர்தி உண்டு. அந்நாட்டின் சைகோன் நகரில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருப்பதால், அப்பயணத்தையும் குறைகூறுவதற்கில்லை. ஆனால் பெற்றோரின் மனம் நாடும் தீவு, ஓரிரவு ரயில் பயணத்தில் எட்டக்கூடிய இராமேசுவரமே. அதற்கு மூன்று நாள் போதும். அந்த மூன்று நாளைப் பகிர்ந்துகொள்ளும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் காலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் அத்தீவைச் சோதிக்கும். சித்திரை, வைகாசியில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வெறுங்காலுடன் நடக்க இயலாது. தை பிறந்தபின் மாசி முடிய உள்ள நாள்களே முதியவர்களுக்கு உகந்தவை. பிதுர்க் கடன் செலுத்தச் செல்வோர் தை அமாவாசையையோ ஆடி அமாவாசையையோ விடமாட்டார்கள். அவர்களைத் தடுப்பார் யார்? தரிசனம் மட்டுமே நோக்கமானால் அமாவாசையையும் அதையொட்டிய விடுமுறை நாள்களையும் தவிர்ப்பது நலம். அன்றைய கூட்டத்தில் இளைஞர்களே தள்ளாடுவார்கள்.

அடுத்தது ரயில். திருப்பதியிலிருந்து காட்பாடி, வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி வழியாக இராமேசுவரம் செல்லும் விரைவு வண்டி வாரத்தில் சில நாள்களே ஓடுகிறது. புறப்படும் நாளை முடிவுசெய்யுமுன் அந்நாள்களை நிலையத்தில் கேட்டறிய வேண்டும். ஆலங்காயத்தார் வாணியம்பாடிக்கு இறங்கி, அங்கிருந்து காட்பாடி சென்று அதில் ஏறலாம். முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கிறது; முன்போல 120 நாள் இல்லை. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதை அறியாமல் கணக்குப் போடுவோர் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு: 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும், 45 வயதைக் கடந்த பெண்களுக்கும். ஒரே சீட்டில் இருவருக்கு மேல் பதிந்தால் அந்த ஒதுக்கீடு கிட்டாது. ஆகவே குடும்பத்தார் எல்லாரையும் ஒன்றாகப் பதியாமல், தாத்தா பாட்டிக்குத் தனிச்சீட்டு எடுப்பதே அறிவுடைமை.

மண்டபம் தாண்டியதும் வண்டி மெல்ல ஊர்ந்து கடல்மேல் ஏறும். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் ஓய்வுபெற்றபின், 2025 ஏப்ரல் 6, இராமநவமியன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது நடுப்பகுதி அப்படியே மேலெழும் அமைப்பு அது. அருகே தெரியும் சாலைப்பாலத்தை 1988 அக்டோபர் 2 அன்று திறந்தவர் ராஜீவ் காந்தி. ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் பெரிய தொலைநோக்கிக்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்ட 1986-ல் வந்தவரும் அவரே என்பதை ஊர்ப் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு பாலத்தைக் கடக்கலாம்.

முதல் நாளை ஓய்வுக்கென்றே விட்டுவிட வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். இரவெல்லாம் ரயிலில் உறங்காமல் வந்து, பையை வைத்த கையோடு அக்னி தீர்த்தத்தில் முழுகி, இருபத்திரண்டு தீர்த்தங்களும் ஆடி, பசியோடு வரிசையில் நின்று மயங்கி விழுந்தவர்கள் உண்டு. கோயிலுக்கு அருகிலேயே, தரைத்தளத்தில் அறை எடுங்கள். மாலையில் கீழைக் கடற்கரைக்குச் சென்று அமருங்கள். அக்னி தீர்த்தக் கடலில் பெரும் அலை இல்லை. கடலை முதன்முறை காணும் மலைநாட்டாருக்கு அது அச்சம் தராத கடல். பின்னர்க் கோயிலின் மூன்றாம் பிராகாரத்தில் நிதானமாக நடக்கலாம். 1,212 தூண்கள் அணிவகுக்கும் அந்நெடுஞ்சுற்றைக் கட்டியெழுப்பியவர்கள் சேதுபதி மன்னர்கள். மறுநாள் எங்கே வழுக்கும், எங்கே படி உண்டு என்பதையும் அந்த நடையிலேயே கண்டுகொள்ளலாம்.

இரண்டாம் நாள்தான் பயணத்தின் உயிர். அதிகாலை 5 மணியளவில் ஸ்படிகலிங்க தரிசனம். முந்திய நாள் ஓய்ந்திருந்தால்தான் இதற்கு எழ முடியும். அதன்பின் அக்னி தீர்த்தத்தில் சங்கற்பத்துடன் நீராடிக் கோயிலுக்குள் உள்ள தீர்த்தங்களை ஆட வேண்டும். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் நிறைவுறும் வரிசை அது. கிணற்று விளிம்பில் நிற்பவர் வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். தீர்த்தமாடும் பாதை முழுதும் ஈரமாகவே கிடக்கும். முதியவர்களுக்கு உண்மையான ஆபத்து இந்த ஈரத் தரைதான்; கடல் அன்று. கரண்டைக்காலுக்கு மேல் நிற்குமாறு வேட்டியைக் கட்டுதல், சேலைக்குப் பதில் உலர்ந்து இலேசாகும் உடை, கைபிடிக்க ஓர் இளையவர் ஆகிய மூன்றும் இன்றி இறங்கலாகாது. சீட்டைக் கோயில் முகப்பிலேயே பெறுக. வழியில் அணுகுவோரிடம் பேரம் பேச வேண்டா.

இருபத்திரண்டும் ஆட உடல் இடங்கொடாதோர் மனங்கலங்கத் தேவையில்லை. இயலாதவர் தீர்த்தத்தைச் சிரசில் தெளித்துக்கொள்வதையும் மரபு ஏற்கிறது. மூட்டுவலியுள்ள ஒருவர் பிறரைப் பார்த்து வீம்புக்காக இறங்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், அதன்பின் உள்ளூர்க் கோயிலுக்குச் செல்வதும் நின்றுபோகும். பிள்ளைகள் இதை அதட்டிச் சொல்லாமல், கோடி தீர்த்தத்தை ஒரு சொம்பில் கொண்டுவந்து தெளித்துவிட்டால் பெரியவர்கள் மனம் நிறைவார்கள்.

ஈர உடையுடன் சந்நிதிக்குள் அனுமதி இல்லை. உலர்ந்த உடை மாற்றி, முதலில் அனுமன் கொணர்ந்த விசுவலிங்கத்தையும், பின்னர்ச் சீதாபிராட்டி மணலால் பிடித்த இராமலிங்கத்தையும் வணங்க வேண்டும். அனுமனுக்கு இராமபிரான் அளித்த சிறப்பு அது. பர்வதவர்த்தினி அம்மனையும் தொழுது வெளிவந்தால் அன்றைக்கு அதுவே போதும்.

மூன்றாம் நாள் காலையில் தனுஷ்கோடி. வழியில் விபீஷண சரணாகதி நிகழ்ந்ததாகப் போற்றப்படும் கோதண்டராமர் கோயில். 1964 டிசம்பர் 22 இரவு எழுந்த புயல் தனுஷ்கோடி ஊரை அழித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோருடன் வந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டது. இக்கோயில் மட்டும் நிலைத்தது. இடிந்து நிற்கும் தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் கண்டு பேச்சிழப்போர் பலர். முன்பு மணலில் திணறிச் சென்ற இடத்துக்கு 2017 முதல் அரிச்சல்முனைவரை நல்ல சாலை இருக்கிறது. வடபால் அமைதியான பெண்கடல், தென்பால் கொந்தளிக்கும் ஆண்கடல் என்பார்கள் மீனவர்கள். முனையில் நீரோட்டம் வலிது. அங்கே இறங்கி நீராட வேண்டா. நிழலும் குடிநீரும் அரிது. காலை 7 மணிக்குப் புறப்பட்டு வெயில் ஏறுமுன் திரும்பிவிடுக. மாலையில் செல்வோரைக் காவலர்கள் பாதியிலேயே திருப்பி அனுப்புவதுண்டு.

தேவிபட்டினத்து நவபாஷாணமும் திருப்புல்லாணியும் சேது யாத்திரையின் அங்கங்களே. ஆனால் அவை தீவுக்கு வெளியே உள்ளவை. நான்காம் நாள் ஒன்று கைவசம் இருந்தால் மட்டும் சேர்க்கலாம். இல்லையேல் பிற்பகல் உறங்கி, மாலை வண்டிக்குச் செல்வதே மேல். கோடி தீர்த்தம் நிறைத்த கலத்தை மூடியின்மேல் துணி கட்டி, கீழ்ப்படுக்கைக்கு அடியில் நிமிர்த்தி வைக்கவேண்டும். மலையடிவாரத்து வீட்டில் அதற்காக அக்கம்பக்கத்தார் காத்திருப்பார்கள்.