வண்டி எத்தனை மணிக்குச் சென்னை சேரும்?

ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்பது ஆசிரியர்கள் கூடும் இடங்களிலெல்லாம் கேட்கிற குறை. ஆறாம் வகுப்பு ஆசிரியரும் சொல்வார், கல்லூரியில் முதலாண்டுக்கு எடுப்பவரும் சொல்வார். உடனே பக்கத்தில் இருப்பவர் ஒரு யோசனை தருவார்: பாட்டு வையுங்கள், விளையாட்டு வையுங்கள், சரியாகச் சொன்ன பிள்ளைக்கு மிட்டாய் கொடுங்கள், ஆர்வம் தன்னால் வரும். நல்ல மனதோடு சொல்லப்படும் யோசனைதான். ஆனாலும் அதற்குள் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

பாடம் எப்படியும் சலிப்பாகத்தான் இருக்கும், ஆர்வத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து அதன்மேல் தூவ வேண்டும் என்பதுதான் அந்த எண்ணம். கிட்டத்தட்ட எல்லோரும் இதை நம்புகிறோம். பாட்டு முடிந்ததும் என்ன ஆகிறது என்று கவனித்தால் விஷயம் புரியும். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்துப் பாடுகிறார்கள், மெட்டு மனதில் நிற்கிறது. அடுத்த நிமிடம் ஆசிரியர் புத்தகத்தைத் திறந்து, வாக்கியத்தைச் செயப்பாட்டு வினைக்கு மாற்றச் சொல்கிறார். வகுப்பு பழையபடி அமைதியாகிவிடுகிறது. ஆர்வம் பாட்டின்மேல்தான் இருந்தது. பாடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பரிசு விஷயம் இன்னும் நுட்பமானது. 1973-இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் மழலையர் பள்ளியில் ஓர் ஆய்வு செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு எதுவும் சொல்லவில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விரும்பியதைச் செய்யலாம் என்று விட்டபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். பிடித்த வேலையே கூலி வேலைபோல ஆகிவிட்டது. இதை வைத்துப் பரிசே கூடாது என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. யாருக்குமே பிடிக்காத ஒரு வேலையைத் தொடங்கிவைக்க ஒரு மிட்டாய் உதவலாம். ஆனால் ஆர்வத்தை உண்டாக்கும் வேலையை மிட்டாயிடம் ஒப்படைத்துவிட முடியாது.

அப்படியானால் ஆர்வம் எங்கிருந்து வருகிறது? பாட்டி ஒரு விடுகதை போடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கேட்கும் பிள்ளைக்கு யாரும் பரிசு அறிவிப்பதில்லை. ஆனாலும் அது விடாது. சொல்லாதே சொல்லாதே என்று காதைப் பொத்திக்கொண்டு யோசிக்கும். விடுகதையில் தெரிந்தது பாதி, தெரியாதது பாதி. அந்தத் தெரியாத பாதிதான் பிள்ளையை இழுக்கிறது. இன்னொன்றும் நடக்கிறது. விடையைத் தேடும் பிள்ளை விடுகதையின் ஒவ்வொரு சொல்லையும் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டிப் பார்க்கிறது. மொழிப்பாடம் படிக்கிறோம் என்ற நினைப்பு அதற்குத் துளியும் இல்லை.

ஆங்கில வகுப்பு முழுவதையுமே இப்படி நடத்த முடியுமா என்று நம் ஊர்ப் பக்கத்திலேயே ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். அவர் பெயர் என்.எஸ்.பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் சில பள்ளிகளில் அவரும் அவரோடு சேர்ந்த ஆசிரியர்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். உலகம் முழுவதும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்று பெங்களூர் திட்டம் என்று பேசப்படுவது அதுதான். அதைப் பற்றி 1987-இல் அவர் எழுதிய நூலும் வந்தது. நம் மண்ணில் நடந்த இந்த வேலை நம் ஆசிரியர்கள் பலருக்கு இன்னும் அறிமுகமாகாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

அதுவரை நம் பள்ளிகளில் ஆங்கிலம் வாக்கிய அமைப்புகளாகத்தான் கற்பிக்கப்பட்டது. இன்று ஓர் அமைப்பு, நாளை இன்னொன்று, எல்லோரும் சேர்ந்து சொல்லிப் பழக வேண்டும். பிரபுவின் பாடத்திட்டத்தில் இலக்கணப் பட்டியலே கிடையாது, சொல் பட்டியலும் கிடையாது. இருந்தவை கணக்குகள், புதிர்கள், வரைபடங்கள், ரயில் கால அட்டவணைகள். பொருளில் மனம் முழுதாக ஊன்றியிருக்கும்போதுதான் மொழியின் வடிவம் உள்ளே படிகிறது என்பது அவருடைய நம்பிக்கை.

ஒரு வகுப்பைக் கற்பனை செய்து பார்ப்போம். கரும்பலகையில் கடலூரிலிருந்து சென்னை செல்லும் மூன்று வண்டிகள் எழுதப்பட்டிருக்கின்றன. நேரங்கள் நாமே போட்டவை. முதல் வண்டி காலை 6 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குச் சேரும். இரண்டாவது 7.30-க்குக் கிளம்பி 11-க்குச் சேரும். மூன்றாவது 9-க்குக் கிளம்பி 12-க்குச் சேரும். ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதோடும் ஆங்கிலத்தில் பேசுகிறார். முதல் வண்டி எப்போது கிளம்புகிறது? எது சீக்கிரம் சேருகிறது? எதற்குப் பயண நேரம் குறைவு? ஓர் எண்ணைச் சொன்னால் போதும், ஆம் இல்லை என்றாலும் போதும். முழு வாக்கியமாகச் சொல் என்று யாரும் அதட்டுவதில்லை.

பிறகு அதேபோன்ற ஒரு கணக்கைப் பிள்ளைகள் தனித்தனியாகச் செய்கிறார்கள். மல்லிகாவின் கிராமத்திலிருந்து முதல் பஸ் 7 மணிக்குத்தான் ஸ்டேஷன் வந்து சேரும். சென்னையில் அவளுக்கு 11.30-க்கு நேர்முகத் தேர்வு. அங்கே ஸ்டேஷனிலிருந்து அலுவலகம் போக அரை மணி நேரம் ஆகும். அவள் எந்த வண்டியில் போக வேண்டும்? முதல் வண்டியைப் பிடிக்க முடியாது. மூன்றாவதில் போனால் தேர்வு முடிந்துவிடும். இரண்டாவதுதான் வழி, அதுவும் கத்தி முனையில். இரண்டாவது வண்டி பத்து நிமிடம் தாமதம் என்று ஆசிரியர் சேர்த்துவிட்டால் வகுப்பே எழுந்துவிடும். முந்தின நாளே போகட்டும், ஆட்டோ பிடிக்கட்டும், போன் பண்ணிச் சொல்லட்டும் என்று ஆளுக்கொரு வழி சொல்வார்கள்.

கிளம்புதல், சேருதல், முன்பு, பின்பு, தாமதம் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளையின் காதில் எத்தனை முறை விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு காரணத்தோடு விழுந்திருக்கிறது, புரிந்தாக வேண்டிய கட்டாயத்தோடு விழுந்திருக்கிறது.

இந்தப் பணிகளைப் பிரபு மூன்று வகையாகப் பிரித்தார். ஒன்று தகவல் இடைவெளி: என்னிடம் இருப்பது உன்னிடம் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள். இரண்டாவது யோசனை இடைவெளி: தகவல் எல்லாம் முன்னே இருக்கிறது, அதிலிருந்து விடையை நீயே பெற வேண்டும், மல்லிகாவின் வண்டியைப் போல. மூன்றாவது கருத்து இடைவெளி: உனக்கு என்ன தோன்றுகிறது, சொல். இவற்றில் அவருக்கு நடுவில் இருப்பதுதான் பிடித்தது. முதலாவது ஒரே எட்டில் முடிந்துவிடும். மூன்றாவதில் சரி தவறு என்று எதுவும் இல்லாததால், தொடக்கநிலைப் பிள்ளைக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாது. நடுவில் இருப்பதற்கு விடை உண்டு, கண்டுபிடித்தோம் என்று பிள்ளைக்கே தெரியும். ‘பேசத் தயங்கும் வகுப்பில் விவாதம் வையுங்கள்’ என்ற யோசனை பெரும்பாலும் தோற்பது ஏன் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

அளவு முக்கியம். மிக எளிதான கேள்வி அவமானப்படுத்தும், மிகக் கடினமானது கைவிடச் செய்யும். இதற்குப் பிரபு வைத்திருந்த அளவுகோல் கையாள எளிது. வகுப்பில் குறைந்தது பாதிப் பேர், பணியில் குறைந்தது பாதியைச் சரியாகச் செய்தால் அந்தப் பணி பொருத்தமானது. நூற்றுக்கு நூறு எதிர்பார்த்துப் பழகிய நமக்கு இது குறைவாகத் தோன்றும். ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறார்கள் என்றால் அங்கே யோசிக்க எதுவும் மிச்சமில்லை என்றுதான் பொருள்.

பிழைகளை என்ன செய்வது? ‘ஷீ கோ செகண்ட் ட்ரெயின்’ என்கிறான் ஒரு பையன். ஆசிரியர் தலையாட்டி, ‘யெஸ், ஷீ கோஸ் பை தி செகண்ட் ட்ரெயின், ஒய்?’ என்று கேட்டுவிட்டு நகர்கிறார். சரியான வடிவம் காதில் விழுந்தது, பேச்சும் அறுபடவில்லை. அங்கேயே நிறுத்தி இலக்கணம் விளக்கினால், தன் விடை சரி என்பதே அந்தப் பையனுக்கு மறந்துபோகும். தான் தப்புச் செய்தது மட்டும் நினைவிருக்கும்.

இதோடு சேர்த்துக் காத்திருத்தல் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடிதான். அதை மூன்று வினாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, தெரியாது என்பது குறைந்தது, பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகளும் பேசினார்கள். அது தாய்மொழி வகுப்பு. நம் பிள்ளை முதலில் கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும், பிறகு விடையை யோசிக்க வேண்டும், அப்புறம் அதற்கு ஆங்கிலச் சொல் தேட வேண்டும். மூன்று வினாடியும் அவனுக்குக் குறைவுதான். மனதுக்குள் மெதுவாகப் பத்து எண்ணுங்கள். அந்த அமைதி ஆசிரியருக்குத்தான் சங்கடமாக இருக்கும், பிள்ளைக்கு அது வேலை நேரம்.

ஒரு விஷயத்தில் எனக்குப் பிரபுவோடு முழு உடன்பாடில்லை. பிள்ளைகள் ஒருவர் பிழையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள் என்று அவர் குழுவேலையைத் தவிர்த்தார். ஆனால் எல்லோர் முன்னும் பேச நடுங்கும் பிள்ளைக்கு, பெஞ்சில் பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு முறை சொல்லிப் பார்ப்பது பெரிய தைரியம் தரும். விடை தமிழில் கலந்து வந்தாலும் பரவாயில்லை. யோசனை நடந்துவிட்டது, சொல்லை ஆசிரியர் கொடுக்கலாம்.

இது சுலபமான முறை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பின்னால் ஆலன் பெரெட்டா என்பவர் ஆராய்ந்தபோது, திட்டத்துக்காக வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர்களைவிட, அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர்களுக்கு இதைக் கைக்கொள்வது கடினமாக இருந்தது தெரியவந்தது. பிள்ளை எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரியாத உரையாடலை ஆங்கிலத்தில் நடத்த ஆசிரியருக்கும் துணிச்சல் வேண்டும். பாடப்பகுதியை முடிக்கும் அவசரமும் தேர்வும் தலைக்கு மேல் நிற்கும்.

அதனால் முழு ஆண்டையும் மாற்ற வேண்டாம், வாரத்தில் ஒரு வகுப்பு போதும். புதிதாக எதையும் வாங்கவும் வேண்டாம். பாடப்புத்தகத்தில் ஒரு மருத்துவமனை பற்றிய பத்தி இருக்கிறதென்றால், அதன் கீழுள்ள வினா விடையை விட்டுவிட்டு, மூன்று டாக்டர்கள், அவர்கள் உட்காரும் நாள்கள், நேரங்கள், கட்டணங்கள் என்று பலகையில் எழுதுங்கள். காய்ச்சலோடு ஒரு குழந்தை, கையில் இருநூறு ரூபாய், செவ்வாய்க்கிழமை சாயங்காலம். யாரிடம் போக வேண்டும் என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பாதிப் பேராவது பாதி தூரம் வந்தார்களா என்று நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். வரவில்லையென்றால் அடுத்த வாரம் ஒரு டாக்டரைக் குறைத்துக்கொள்ளலாம்.