பிரேக்கில் எரியும் டீசல்

எங்கள் தெருவில் ஒரு டவுன் பஸ் ஓட்டுநர் இருக்கிறார். ஒரு நாள் மாலை என்னிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தார்.

"சார், நானும் இன்னொருத்தரும் மாற்றி மாற்றி ஒரே பஸ்ஸைத்தான் ஓட்டுகிறோம். ஒரே ரூட், ஒரே கூட்டம். அவருக்கு லிட்டருக்கு நாலே முக்கால் கிலோமீட்டர் வருகிறது. எனக்கு நாலேகாலைத் தாண்டவில்லை. டெப்போவில் என்னைத்தான் கேட்கிறார்கள். கோளாறு வண்டியிலா, என்னிடமா?"

நாளொன்றுக்கு 200 கிலோமீட்டர் ஓட்டம் என்றால், இருவருக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 5 லிட்டர். அந்த 5 லிட்டர் எங்கே போயிற்று? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய பஸ்ஸிலேயே ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஆட்களோடு சேர்த்து பஸ்ஸின் நிறை 14,000 கிலோகிராம் என்று கொள்வோம். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 11.1 மீட்டர். இயக்க ஆற்றலுக்கு நீங்கள் படித்த வாய்ப்பாடு ½mv² அல்லவா? போட்டுப் பாருங்கள், சுமார் 8.6 லட்சம் ஜூல் வரும். பிரேக்கை மிதித்து நிறுத்தும்போது இது முழுவதும் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. 30 டிகிரியில் இருக்கும் கிட்டத்தட்ட 3 லிட்டர் தண்ணீரை இந்த வெப்பத்தால் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்! ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பாத்திரம் வெந்நீரைத் தெருவில் கொட்டிவிட்டுப் போகிறோம்.

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 3.6 கோடி ஜூல் ஆற்றல் உண்டு. ஆனால் எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டித்தான் வேலையாக மாற்றித் தரும். மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடும். ஆக, நின்ற பஸ்ஸை மறுபடி 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 70 மில்லிலிட்டர் டீசல் செலவாகும்.

"நிறுத்தத்தில் நிற்காமல் போக முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. ஆனால் எப்படி நிற்பது என்பது ஓட்டுநர் கையில், இல்லை, காலில் இருக்கிறது. நம் நண்பர் நிறுத்தத்துக்கு இருபது மீட்டர் இருக்கும்வரை ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே வந்தார், பிறகு பிரேக். நீங்கள் சைக்கிளில் அப்படியா செய்கிறீர்கள்? தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதும் மிதிப்பதை நிறுத்திவிடுகிறீர்கள். ஏனென்றால் அங்கே எரிபொருள் நீங்கள் சாப்பிட்ட இட்லி!

பஸ்ஸும் அப்படியே. 100 மீட்டர் முன்னாலேயே காலை எடுத்துவிட்டால், சாலை உராய்வையும் காற்றின் தடையையும் சமாளித்து அந்தத் தூரத்தைக் கடக்க, சேமித்து வைத்த ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பயன்படும். நிறுத்தத்துக்கு சுமார் 13 மில்லிலிட்டர் மிச்சம். ஒரு நாளில் 200 தடவை நிற்கும் வண்டிக்கு இது இரண்டரை லிட்டர்.

மீதிக்கு வேறு காரணம் இருந்தது. அடுத்தடுத்து நிறுத்தங்கள் இருக்கும் கடைவீதியில்கூட அவர் 50 கிலோமீட்டரை எட்டிப்பிடிக்கிறார். 40-க்கும் 50-க்கும் வித்தியாசம் பத்துதானே? வேகத்தில் பத்து, ஆற்றலிலோ ஒன்றரை மடங்குக்கும் மேல். இருமடி செய்யும் வேலை அது. ஒவ்வொரு முறையும் கூடுதலாக 39 மில்லிலிட்டர். இப்படி அறுபது தடவை செய்தால் 2.3 லிட்டர். கணக்கு அச்சாகப் பொருந்திவிட்டது என்று சொல்லமாட்டேன். பஸ் ஒன்றும் பாடப்புத்தகம் அல்ல. ஆனால் கோளாறு வண்டியில் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

நீண்ட நெடுஞ்சாலையில் கதை வேறு. அங்கே பிரேக்குக்கு வேலை குறைவு, காற்றுதான் எதிரி. அதன் தடையும் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது: 60-லிருந்து 90-க்குப் போனால் இரண்டேகால் மடங்கு. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது, அமெரிக்கா 1974-இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்று வேகத்துக்கு வரம்பு கட்டியது. 1995-இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

இதையெல்லாம் கேட்ட நண்பர், "அப்படியானால் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுவிடலாமே சார்?" என்றார். பலருக்கும் உள்ள எண்ணம் இது, ஆபத்தானதும்கூட. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும்; இன்றைய எஞ்சின்களில் அப்போது எரிபொருள் அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில் போட்டாலோ, எஞ்சின் அணையாமலிருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சமில்லை, செலவு! அதோடு, எஞ்சினின் பிடியும் விட்டுப்போகிறது. உதகையிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் இறங்கும் கல்லட்டிச் சாலை போன்ற இடத்தில் பிரேக் ஒன்றே எல்லா ஆற்றலையும் விழுங்க வேண்டும். முன்பு சொன்ன வெந்நீர்க் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் பிடிக்காது.

மின்சார பஸ்ஸில் இந்த ஆற்றலில் ஒரு பகுதியை மோட்டாரே மின்னாக்கிப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்பிவிடும். நம் நண்பருக்கு அந்த வசதி இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது, "நாலரை வந்துவிட்டது சார்" என்றார். பின்னால் வரும் ஆட்டோக்காரர்கள்தான் ஹாரன் அடிக்கிறார்களாம்.