ஒரு பேருக்கு எத்தனை கிலோ மா?

ஆகஸ்ட் விடுமுறை வந்தால் இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களின் லயத்து வீடுகளில் செலவு ஏறும், வரவு இறங்கும். பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் இருப்பதால் ரொட்டிக்குப் பிசையும் கோதுமை மா கூடுகிறது. அதே வாரங்களில் கச்சான் காற்றில் மலை காய்ந்து கொழுந்து குறைவதால் அம்மாவுக்கு விழும் ‘பேர்’, அதாவது ஒரு நாள் சம்பளப் பதிவு, குறைகிறது. பதுளை, பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளைப் பக்கத்துக் குடும்பங்களின் விடுமுறையையும் அதன் பின்னால் வரும் தீபாவளிப் பலகாரத்தையும் கிலோவிலும் ரூபாயிலும் எழுதிப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

விடுமுறையின் மாக்கணக்கு

பெரியவர்கள் 2, பிள்ளைகள் 3 என்று ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ மாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து கனமாகத் தட்டினால் 12 ரொட்டி வரும். பாடசாலை நாளில் காலைக்கு அந்த ஒரு கிலோ போதும். தரம் 1 முதல் 5 வரை உள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலையில் ஒரு வேளை உணவும் கிடைக்கிறது. விடுமுறையில் அது நின்றுவிடும். பின்னேரம் விளையாடிவிட்டு வரும் பிள்ளைக்கும் கட்ட சம்பலோடு ஒரு ரொட்டி வேண்டும். ஆக நாளொன்றுக்கு அரைக் கிலோ கூடுதல்.

மா கிலோ 180 ரூபாய், தேங்காய் 200 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், இரண்டு வாரக் கூடுதல் செலவு இது:

- மா: 14 நாள் × ½ கிலோ = 7 கிலோ, 1,260 ரூபாய்
- தேங்காய்: நாளுக்குக் கால் காய் வீதம் மூன்றரைக் காய், 700 ரூபாய்
- விறகு: கவாத்து மலையில் பொறுக்கிய மிலாறு, காசு இல்லை
- மொத்தம்: 1,960 ரூபாய்

2026 வரவுசெலவுத் திட்டம் அறிவித்த நாட்சம்பளம் 1,550 ரூபாய். அதோடு வருகை ஊக்குவிப்பு 200 ரூபாய். இரண்டும் சேர்ந்த 1,750இல் பார்த்தால், விடுமுறையின் கூடுதல் ரொட்டி ஒரு நாள் உழைப்பைக் கொஞ்சம் தாண்டுகிறது. ஆனால் கச்சான் மாதத்தில் எல்லா நாளும் முழுப்பேர் விழுவதில்லை. நிர்ணயித்த கிலோ நிறுவையில் குறைந்தால் ‘செக்ரோல்’ என்ற வருகைப் பதிவேட்டில் அரைப்பேர்தான். அடிப்படைச் சம்பளத்தில் பாதி 775 ரூபாய். அந்தக் கணக்கில் அதே ரொட்டிக்கு இரண்டரை நாள் மலையேற வேண்டும்.

காய்ந்த மலையின் விலையுயர்ந்த தேயிலை

ஜூலை முதல் செப்டெம்பர் வரை மேற்கு மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று, ஊவாப் பக்கம் வறண்டு இறங்குகிறது. செடி வளர்ச்சியைச் சுருக்கிக்கொள்கிறது. இலையில் மணச்சத்து கூடுகிறது. உலகம் தேடி வாங்கும் ‘ஊவா வாசனை’ இந்த மூன்று மாதத்துக் கொழுந்தில்தான் பிறக்கிறது. நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலையாகும். ஒருவர் 18 கிலோ பறித்தால் 4 கிலோத் தேயிலை. கொழும்பு ஏலத்தில் ஊவாவின் நல்ல தேயிலை ஆண்டிலேயே உயர்ந்த விலை பெறும் பருவம் இதுதான். பறிப்பவரின் கூடை ஆண்டிலேயே இலேசாக இருக்கும் பருவமும் இதுதான். சம்பளத்தை எடையில் மட்டும் அளந்து தரத்தில் அளக்காமல் விடுவதால், பருவத்தின் இலாபம் லயத்துக்கு வந்து சேர்வதில்லை.

சம்பளத்தை மாவில் அளந்தால்

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. 1980 முதல் இயங்கும் திருகோணமலை பிரிமா ஆலை போன்றவை இறக்குமதிக் கோதுமையை அரைத்துத் தருகின்றன. எனவே டொலர் ஏறினால் ரொட்டியும் ஏறும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை போனது. அதே ஆண்டில் உக்ரேன் போரும் சேர்ந்துகொண்டது. ஒரு நாள் பேருக்குக் கிடைத்த மா:

- 2021 நடுப்பகுதி: சம்பளம் 1,000, மா கிலோ 100க்குள், 10 கிலோவுக்குச் சற்று மேல்
- 2022 செப்டெம்பர்: சம்பளம் 1,000, மா கிலோ 400 வரை, இரண்டரைக் கிலோ
- 2024 செப்டெம்பர் முதல்: சம்பளம் 1,350, கிலோ 190 என்று வைத்தால் 7 கிலோ
- 2026: ஊக்குவிப்போடு 1,750, கிலோ 180 என்று வைத்தால் 9.7 கிலோ

ரூபாயில் 75 வீத உயர்வு. மாவில் பார்த்தால் 2021இல் நின்ற இடத்துக்கே இன்னும் வந்து சேரவில்லை. இதில் சம்பளத்தின் 8 வீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போவதையோ சங்கச் சந்தாவையோ நான் கழிக்கவில்லை.

தேங்காயில் இறக்கம் இன்னும் தெளிவு. 2020 செப்டெம்பரில் அரசு விதித்த உச்ச விலை, பெரிய காய்க்கு 70 ரூபாய். அடுத்த ஆண்டு வந்த 1,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு அந்த விலையில் 14 காய். 2025 தொடக்கத்தில் ஒரு காய் 200 ரூபாயைத் தொட்டபோது 1,350 ரூபாய்க்கு ஆறு காய்தான் வந்தது. மலைநாட்டுக் குளிரில் தென்னை செழிப்பதில்லை. ஒவ்வொரு காயும் கீழ்நாட்டிலிருந்து லொறியேறி வர வேண்டும்.

ஐப்பசி மழையும் தீபாவளிக் கேக்கும்

ஒக்டோபரில் மழை திரும்பும். கொழுந்து துளிர்க்கும், முழுப்பேர் தொடர்ந்து விழும், ஞாயிறு வேலைக்குக் கைக்காசும் கிடைக்கும். இந்த வரவை நம்பித்தான் அதிரசத்துக்கு அரிசி ஊறப்போடுவதும் முறுக்குக்கு எண்ணெய் வாங்குவதும் கேக் அடிப்பதும். வீட்டுக் கேக்கின் அளவு எளிது: மா 500 கிராம், சீனி 500 கிராம், மாஜரின் 500 கிராம், முட்டை 10.

மலையில் கேக் போடுபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் நீரின் கொதிநிலை ஒரு பாகை இறங்கும். 680 மீற்றரில் உள்ள பதுளையில் அது 98 பாகைக்குச் சற்றுக் குறைவு. 1,430 மீற்றரில் உள்ள ஹப்புத்தளையில் 95. காற்றழுத்தம் குறைவதால் மாவுக்குள் வாயு வேகமாக உப்பி, கேக் மேலெழுந்து நடுவில் அமுங்கிவிடும். ஹப்புத்தளை உயரத்தில் பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறைத்து, ஒரு மேசைக்கரண்டி பால் கூடச் சேர்த்தால் கேக் நிற்கும். ‘அவன்’ அடுப்பு இல்லாத வீட்டில் கனத்த சட்டிக்குள் மணல் பரப்பி, தட்டை உள்ளே இறக்கி, மூடிமேல் தணல் போட்டு வேகவைக்கலாம்.

கேஸ் அடுப்பு வைத்திருக்கும் வீட்டுக்கு எரிபொருளே தனிச்செலவு. 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாய், ஒன்றரை நாள் சம்பளம். 2022 ஏப்ரலில் 4,860 ரூபாய், ஏறத்தாழ ஐந்து நாள் சம்பளம். 2025இல் 3,690 ரூபாய். 1,350 ரூபாய்ச் சம்பளத்தில் இரண்டே முக்கால் நாள். 2022 ஒக்டோபர் 24 தீபாவளியன்று, கட்டுப்பாட்டு விலையான 43 ரூபாய்க்கே கிடைத்தாலும் பத்து முட்டை 430, செப்டெம்பர் விலையில் அரைக் கிலோ மா 200. சீனியும் மாஜரினும் வாங்குவதற்கு முன்பே ஒரு நாள் சம்பளத்தில் 63 வீதம் தீர்ந்திருக்கும். அந்த ஆண்டு கேக் இல்லாமல் பண்டிகை கழிந்த வீடுகளின் கணக்கு இது.

கணக்கு கேட்பது

2019 குடும்ப வருமான, செலவு ஆய்வில் நாட்டின் வறுமை 14.3 வீதம், தோட்டத்துறையில் 33.8. நெருக்கடி வருமுன்பே இருந்த நிலை அது. பிள்ளை ஆகஸ்டில் வயிறு நிறைய உண்டு விளையாடுவதும், தீபாவளிக்குத் தன் வீட்டில் வெந்த கேக்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோவதும் ஆடம்பரம் அல்ல. குழந்தைப் பருவத்தின் உரிமை.

அதற்கு மூன்று காரியங்கள் வேண்டும். சம்பளப் பேச்சில் ரூபாய்க்குப் பக்கத்தில் மா, தேங்காய் அளவையும் எழுதி, விலை ஏறும்போது சம்பளமும் ஏற வேண்டும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஏல விலை உயரும்போது பேருக்குரிய கிலோவைக் குறைக்க வேண்டும். பாடசாலை உணவுக்கு ஒதுக்கும் பணம் விடுமுறையிலும் உலர் உணவாக வீட்டுக்கு வர வேண்டும். 2021இன் பத்துக் கிலோவை எட்டுவது வெற்றியாகாது; இழந்ததை மீட்பது மட்டுமே. உயர்வு என்று சொல்ல வேண்டுமானால் கணக்கு பதினோராவது கிலோவிலிருந்து தொடங்க வேண்டும்.