வண்டி ஹீட்டர் சூடாகவில்லையா? எஞ்சினைக் கவனியுங்கள்

மார்கழி, தை மாதங்களில் தருமபுரி மாவட்டத்தில் விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்கும். பாலக்கோடு வட்டாரத்தில் தக்காளி பயிரிடும் விவசாயிகளில் பலர், பழைய டீசல் பிக்கப் வண்டியில் கூடைகளை ஏற்றிக்கொண்டு, பொழுது விடியுமுன்பே ராயக்கோட்டை, ஓசூர் பக்கம் புறப்படுகின்றனர். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே போகப் போகக் குளிர் மிகும். வண்டிக் கண்ணாடியில் உட்புறம் ஆவி படர்ந்து பாதை மறையும். அப்போது ஹீட்டரைப் போட்டால் வெறும் குளிர்காற்றே வரும்.

"நம்ம ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு?" என்று பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஹீட்டரில் சூடு குறைவது பல சமயம் எஞ்சினின் குளிர்விப்பு அமைப்பில் கோளாறு இருப்பதற்கு அறிகுறியாகும். அதே கோளாறு கோடையில் எஞ்சினையே பாழாக்கிவிடக் கூடும்.

ஹீட்டர் இயங்கும் விதம்

ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய ரேடியேட்டரேயாகும். எஞ்சினில் சூடேறிய நீர் ஒரு ரப்பர் குழாய் வழியே இதற்குள் சென்று, மற்றொரு குழாய் வழியே திரும்புகிறது. சிறிய மின்விசிறி ஒன்று அந்தச் சூட்டை வண்டிக்குள் தள்ளுகிறது. ஆகவே நீர் போதிய அளவில் இருக்க வேண்டும். அது நன்கு சூடேற வேண்டும். தடையின்றி ஓட வேண்டும். இவற்றில் எது குறைந்தாலும் ஹீட்டரில் சூடு வராது.

டீசல் எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது குறைந்த வெப்பத்தையே தரும். எனவே வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு ஹீட்டரைச் சோதிக்கக் கூடாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிய பின்பே சோதிக்க வேண்டும்.

முதலில் நீர் மட்டம்

எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். நீர் குறைந்தால் பெரும்பாலும் உயரத்தில் உள்ள ஹீட்டருக்கே முதலில் நீர் எட்டாமற் போகும். மட்டம் மிகவும் குறைந்துவிட்டால் வெப்பமானியின் உணர்கருவி நீரில் மூழ்காமல் இருக்கும். அப்போது எஞ்சின் கொதித்தாலும் முள் ஏறாது. அதை நம்பி ஓட்டியவர்கள் சிலிண்டர் ஹெட்டையே மாற்ற நேரிடும்.

நீரை நிரப்பிய பின்னும் மறுபடி குறைந்தால் குழாய்கள், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் ஆகியவற்றில் கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும். டேஷ்போர்டுக்குள்ளிருந்து சலசலவென்று ஓசை கேட்டால் காற்று அடைத்துள்ளது என அறியலாம். வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி நிறுத்தி, ஆறிய எஞ்சினை இயக்கி, ஹீட்டரை முழுதும் திறந்து வைத்து, சிறுகச் சிறுக நீர் ஊற்றினால் காற்று வெளியேறும். எஞ்சின் சூடேறியதும் மூடியை இட்டுவிட வேண்டும். எவ்வளவு நேரமானாலும் குமிழி நிற்கவில்லையெனில் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது.

கழற்றி எறியப்படும் தெர்மோஸ்டாட்

நம் பகுதியில் அடிக்கடி காணப்படும் காரணம் இதுவே. எஞ்சின் சூடாகிறது என்று வண்டியைக் கொண்டு போனால், சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுகின்றனர். அது நீரோட்டத்தைத் தடுப்பதால்தான் சூடு ஏறுகிறது என்பது அவர்கள் எண்ணம்.

தெர்மோஸ்டாட் ஒரு மடைப்பலகை போன்றது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை அடைத்து, நீரை எஞ்சினுக்குள்ளேயே சுற்ற வைக்கிறது. பல டீசல் எஞ்சின்களில் சுமார் 82 டிகிரி சென்டிகிரேடில் திறக்கத் தொடங்குகிறது. அது இல்லாவிட்டால் நீர் சூடேறுமுன்பே ரேடியேட்டரில் குளிர்ந்துவிடும். குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுமையாக எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, எஞ்சின் ஆயிலுடன் கலந்துவிடும். டீசல் செலவு கூடும், புகை மிகும், ரிங்கும் லைனரும் சீக்கிரம் தேயும்.

மேலும், சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே உள்சுற்று வழியையும் அடைக்கும். அதைக் கழற்றினால், சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே எஞ்சினுக்குள் திரும்பிவிடும். சூட்டைத் தவிர்க்கச் செய்த வேலையே தொப்பூர்க் கணவாயில் பாரத்தோடு ஏறும்போது எஞ்சினைக் கொதிக்க வைக்கும்.

ஏற்றத்தில் மெதுவாகச் செல்லும்போது ஹீட்டர் ஓரளவு சூடாகி, நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் குளிர்ந்தால், தெர்மோஸ்டாட் இல்லை அல்லது திறந்தபடியே சிக்கிக்கொண்டது எனக் கருதலாம். எஞ்சினை இயக்கியவுடனேயே ரேடியேட்டரின் மேல்குழாய் படிப்படியாகச் சூடேறத் தொடங்குவதும் இதற்கு அடையாளம்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டி, நீருள்ள பாத்திரத்தில் அடி தொடாமல் தொங்கவிட்டுச் சூடேற்ற வேண்டும். குளிர்நீரில் மூடியிருந்து, கொதிக்குமுன் நன்கு திறந்து, ஆறியதும் மீண்டும் மூடினால் அது நல்லது. இல்லையெனில், அதே வெப்ப அளவுள்ள புதியதை மாட்ட வேண்டும்.

உப்புநீர் செய்யும் கேடு

தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். அதன் பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. இங்குப் பல ஆழ்குழாய்க் கிணறுகளின் நீர் கடினநீராகவும் உள்ளது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்புப் படிவம், எஞ்சினுக்குள்ளும் ரேடியேட்டரிலும் படிகிறது. ஹீட்டரின் மெல்லிய குழல்கள் எளிதில் அடைபடும்.

ஹீட்டருக்குச் செல்லும் இரு குழாய்களையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பார்க்கவும். இரண்டும் சூடாக இருந்தால் கோளாறு விசிறியிலோ காற்று மடலிலோ இருக்கும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் ஹீட்டரில் அடைப்பு உள்ளது, அல்லது ஹீட்டர் வால்வு திறக்கவில்லை. வால்வு சரியாக இருப்பின், இரு குழாய்களையும் கழற்றி, நீர் திரும்பும் வழியாகக் குறைந்த அழுத்தத்தில் நல்ல நீரைச் செலுத்திக் கழுவலாம். இரண்டுமே குளிர்ந்திருந்தால் நீர் மட்டம், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட் ஆகியவற்றைக் கவனிக்கவும்.

கழுவிய பின் மீண்டும் போர்த் தண்ணீரை ஊற்றினால் பயனில்லை. வண்டிக்கேற்ற கூலன்ட்டை வடிநீருடன், டப்பாவில் குறித்துள்ள விகிதத்தில் கலந்து ஊற்ற வேண்டும். இது துருவையும் படிவத்தையும் தடுக்கும். நீரால் குளிர்விக்கப்படும் டிராக்டர்களுக்கும் இது பொருந்தும்.

கூலன்ட் பெரும்பாலும் எத்திலீன் கிளைகால் கலந்தது. இனிப்புச் சுவையுள்ள கொடிய நஞ்சு. வடித்த கூலன்ட்டைத் திறந்த பாத்திரத்தில் வைத்தால் கன்றும் நாயும் குடித்து மாண்டுவிடும். குழந்தைகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

ஏற்றத்தில் கைகொடுக்கும்

சீராக உள்ள ஹீட்டர் கோடையிலும் உதவும். ஏற்றத்தில் வெப்பமானி முள் மேலே போனால் கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரையும் விசிறியையும் முழுதும் திறந்துவிட்டால் எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி வெளியேறும். அதன் பின்னும் முள் இறங்காவிட்டால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை ஆறவிட வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்நீரை ஊற்றினால் ஹெட் வெடித்துவிடக் கூடும்.

ஒரு தெர்மோஸ்டாட்டின் விலை எஞ்சின் பிரித்து வேலை பார்க்கும் செலவில் மிகச் சிறு பகுதியே. சந்தைக்குப் போகும் வழியில் வண்டி நின்றால் வண்டிச் செலவோடு தக்காளியும் நட்டமாகும். ஆகவே அறுவடைப் பருவம் தொடங்குமுன் ஒரு நாள் ஒதுக்கி இவற்றைச் சரிபார்த்துக்கொள்வது விவசாயிகளுக்கு நன்மை தரும்.