மோட்டார் வண்டியின் குளிரூட்டி குளிரவில்லையா?

காஸ் நிரப்புமுன் காரணத்தைத் தேடுங்கள்

சித்திரை, வைகாசி மாதங்களின் நண்பகலில் ஆனையிறவு வெளியைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்லும் மோட்டார் வண்டியொன்றை மனக்கண்முன் நிறுத்துங்கள். இருமருங்கும் வெட்ட வெளி; ஒதுங்குவதற்கு ஒரு மரநிழலும் இல்லை. பின்னாசனத்திலே வைத்தியரைக் காணக் கொழும்புக்குச் செல்லும் முதிய தாயார். அவர் மடியிலே பேரக்குழந்தை. அவ்வேளையிற் குளிரூட்டியின் துவாரங்களிலிருந்து வெங்காற்று வீசத் தொடங்குமாயின், அப்பொறி வெறும் ஆடம்பரப் பொருள் அன்று என்பதை எவரும் உணர்வர்.

“காஸ் முடிந்துவிட்டது; நிரப்பினாற் சரி.” இத்தகைய வேளைகளில் நாம் அடிக்கடி கேட்கும் விடை இதுவே. எமது அயலவர் ஒருவர் இவ்விடையை நம்பி ஓராண்டினுள் மூன்று முறை காஸ் நிரப்பினார். ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் குளிர்ந்தது. பின்னர் பழைய கதையே. நான்காம் முறை பார்த்த தொழிலாளி காஸ் போத்தலை எடுக்கவில்லை. குழாய் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ஓரிடத்தில் எண்ணெய்க் கசிவைக் கண்டார். அங்கிருந்த சிறு இறப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. வளையத்தை மாற்றியதும் நோய் தீர்ந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டிய உண்மை ஒன்றே. குளிரூட்டியிலுள்ள காஸ் பெற்றோலைப் போல எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களினுள்ளே சுற்றிச் சுற்றி ஓடுவது. மிகச் சிறிதளவு காலப்போக்கிற் கசிதல் இயல்பாயினும், அதனாற் குளிர் குன்றப் பல ஆண்டுகள் செல்லும். சில மாதங்களிற் குறைந்ததெனின் எங்கோ ஓட்டை உண்டு என்பதே பொருள். ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதால் யாது பயன்?

குளிர் எவ்வாறு பிறக்கிறது?

உண்மையிற் குளிரை எவரும் உண்டாக்குவதில்லை. வண்டியினுள்ளே இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுவதே குளிரூட்டியின் தொழில். ஊசி ஏற்றுமுன் வைத்தியர் கையிலே தடவும் ஸ்பிரிற் ஆவியாகும்போது அவ்விடம் சில்லிடுவதை அறிவீர்கள். திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தைக் கவர்கிறது என்னும் அவ்விதியே இங்கும் ஆள்கிறது.

கொம்பிரசர் எனப்படும் அமுக்கி, காஸை நெருக்கி மிக்க அமுக்கமும் வெப்பமும் உடையதாக்குகிறது. வண்டியின் முகப்பிலே, ரேடியேற்றருக்கு முன்னால் இருக்கும் ஒடுக்கியில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. பின்னர் நுண்ணிய வாயிலொன்றினூடே புகுந்து அமுக்கம் தாழ்ந்து, ஆசனங்களுக்கு முன்னுள்ள பலகையின் உட்புறத்தே அமைந்த ஆவியாக்கியில் ஆவியாகிறது. அங்கே அது கவரும் வெப்பமே எம்மைச் சுட்ட வெப்பம். இவ்வட்டத்தில் எந்த இடத்திலே தடை நேர்ந்தாலும் குளிர் குன்றும். ஆகவே காஸ் குறைவு பல காரணங்களுள் ஒன்றேயன்றி ஒரே காரணம் அன்று.

வீட்டு முற்றத்திலேயே செய்யத்தக்கவை

வெயிலில் நின்ற வண்டியின் உட்புறம் வெளியிலும் பன்மடங்கு புழுங்கும். ஏறியவுடன் கண்ணாடிகளைத் தாழ்த்தி ஓரிரு நிமிடம் ஓட்டி, வெங்காற்றை வெளியேற்றிய பின்னரே அவற்றை மூடுக. பின் வெளிக்காற்றை இழுக்காமல் உட்காற்றையே மீண்டும் சுழலவிடும் பொத்தானை அழுத்துக. நடுத் துவாரத்தில் ஒரு வெப்பமானியைச் செருகிச் சில நிமிடங்கள் பொறுத்துப் பாருங்கள். நன்னிலையிலுள்ள குளிரூட்டி பெரும்பாலும் 5 முதல் 10 பாகை செல்சியஸ் வரையான காற்றைத் தரும். கடும் புழுக்கத்திற் சற்றுக் கூடலாம்.

அடுத்து, காற்று வலுவாக வருகிறதா எனக் கவனியுங்கள். காற்று குளிராக இருந்தும் மெலிதாக வந்தால், குற்றம் பெரும்பாலும் காற்று வடியிலேயே இருக்கும். பல வண்டிகளில் இது முன்னாசனத்தாரின் முழங்காலுக்கு எதிரேயுள்ள சிறு பெட்டியின் பின்புறம் உள்ளது. தூசும் சருகும் அடைத்த வடியை மாற்றுவதற்குக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை.

காற்று வலுவாக வந்தும் வெம்மையாக இருந்தால், எஞ்ஞினின் மூடியைத் திறந்து பாருங்கள். பெல்ற்றால் இயங்கும் அமுக்கியாயின், குளிரூட்டியை முடுக்கியதும் பல வண்டிகளில் ‘டக்’ என்னும் ஒலியுடன் அதன் முகத்தட்டு சுழலத் தொடங்கும். அவ்வாறு நிகழாவிடின் பியூஸ் எரிந்திருக்கலாம்; மின்தொடர்பு அறுந்திருக்கலாம்; அன்றேல் காஸ் மிகக் குறைந்தமையால் அமுக்க ஆளி அமுக்கியை ஓடவிடாது தடுத்திருக்கலாம். பார்க்கும்போது கையையும் சேலைத் தலைப்பையும் விசிறியிலிருந்து தூர வைத்துக்கொள்க. அது சொல்லாமற் சுழலத் தொடங்கும்.

நெடுஞ்சாலையிலே குளிர்ந்து, காலி வீதி நெரிசலிலே நின்றவுடன் வெம்மையாகும் வண்டிகளும் உண்டு. ஓடும்போது எதிர்க்காற்றே ஒடுக்கியின் வெப்பத்தை அகற்றுகிறது. நிற்கும்போது விசிறியன்றோ அதனைச் செய்தல் வேண்டும்? ஆகவே விசிறி சுழல்கிறதா, ஒடுக்கியின் இதழ்களைச் சேறும் பூச்சிகளும் அடைத்துள்ளனவா என்று பார்க்க. மெல்லிய நீர்த்தாரையாற் கழுவினாலே குணமாகும் வண்டிகள் பல.

முதலிற் குளிர்ந்து, அரைமணியிற் குளிர் நின்று, சற்று ஓய்வு கொடுத்தபின் மீண்டும் குளிருமாயின், குழாயினுட் புகுந்த ஈரம் நுண்வாயிலில் உறைந்து அடைக்கிறது என ஐயுறலாம். ஆவியாக்கியின்மேற் பனி படிந்து காற்றை மறித்தாலும் இவ்வாறு நிகழும். அப்போது காற்றோட்டமும் மெலியும்.

கராஜிலே கேட்க வேண்டியவை

மேற்கூறியவற்றால் விளங்காதபோது தொழில் அறிந்தவரை நாடுதலே முறை. குழாய் மூட்டுகளை நாமே கழற்றுதல் ஆகாது. இன்று பெருவழக்கிலுள்ள ஆர்-134ஏ என்னும் காஸ், திறந்த வெளியில் −26 பாகையிற் கொதிப்பது. கண்ணிற் பட்டாற் பார்வைக்கே கேடு.

முதலில் இரு மானிகளையும் பொருத்தி அமுக்கம் பார்க்கச் சொல்லுங்கள். இருபுறமும் தாழ்ந்திருந்தாற் காஸ் குறைவு என ஊகிக்கலாம். இருபுறமும் உயர்ந்திருந்தால் காஸ் மிகை, அல்லது ஒடுக்கி வெப்பத்தை இறக்கவில்லை. உயர்புறம் தாழ்ந்து, தாழ்புறம் உயர்ந்திருந்தால் அமுக்கி தளர்ந்துவிட்டது. காஸ் மிகையானாலும் குளிர் குன்றும் என்பதைப் பலர் அறியார்.

கசிவு உண்டெனின், நைதரசன் வாயுவை ஏற்றிச் சவர்க்கார நுரையாலோ, ஒளிரும் சாயத்தாலோ இடத்தைக் காண்பர். அதனைத் திருத்தியபின் பம்பியால் வெற்றிடமாக்கி, உட்புகுந்த காற்றையும் ஈரத்தையும் அகற்றி, எஞ்ஞின் மூடியின் கீழே ஒட்டப்பட்ட சீட்டிற் கூறிய நிறையைத் தராசில் நிறுத்தே காஸை ஏற்றுதல் வேண்டும். சிறு வண்டிக்கு அரைக் கிலோ அளவே போதுமானபடியால், கண்மதிப்புக்கு இங்கே இடமில்லை.

ஹைபிரிட் வண்டி வைத்திருப்போர் மற்றுமொன்றை மறவாதிருத்தல் நன்று. அவற்றுட் பலவற்றில் அமுக்கியை உயர் மின்னழுத்தமே இயக்குகிறது. அதற்குரிய எண்ணெய் மின்னைக் கடத்தாதது. சாதாரண எண்ணெய் அதனுட் கலந்தால் மின்காப்புக் கெட்டு, விலையுயர்ந்த அமுக்கியே பழுதாகக்கூடும். செம்மஞ்சள் நிறக் கம்பிகளை நாம் தொடாதிருத்தல் உயிருக்கு நல்லது.

பணத்துக்கு மேலும் ஒரு நட்டம்

கசிந்த காஸ் எங்கே போகிறது? முன்னாளில் வண்டிகளிலே வழங்கிய ஆர்-12, வானிலுள்ள ஓசோன் படையை அரிப்பது என்பது தெளிந்தமையால், 1987இல் மொன்றியல் உடன்படிக்கை பிறந்தது. 1989இல் இலங்கையும் அதில் இணைந்தது. பின் வந்த ஆர்-134ஏ ஓசோனை அரிப்பதில்லை. ஆயினும் நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-134ஏ பூமியைச் சூடாக்கும் வன்மை 1,300 கிலோ காபனீரொட்சைட்டுக்குக் குறையாது. அதனைக் குறைக்கவே 2016இல் கிகாலித் திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஓட்டையை அடைக்காமல் மீண்டும் மீண்டும் காஸ் ஏற்றுவோர் தம் வண்டியைச் சில வாரங்கள் குளிர்விப்பதற்காக, ஊருக்கெல்லாம் வெப்பம் கூட்டுகின்றனர்.

ஆதலால், அடுத்த முறை “காஸ் முடிந்துவிட்டது” என்று எவரேனும் கூறினால், சினவாது ஒரு கேள்வி கேளுங்கள்: “எவ்வழியாகப் போயிற்று?” நல்ல தொழிலாளி அவ்வழியைத் தேடிக் காட்டுவார். தேட மறுப்பவரிடம் வண்டியை விடாதிருத்தலே மேல்.